உயர் மின்னழுத்த அளவீட்டில் தனிமைப்படுத்தும் பெருக்கியின் இடம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் செய்கிறவர்களின் மோட்டார் கொட்டகைகளில் சிம் கார்டு பொருத்திய மொபைல் ஸ்டார்ட்டர் இன்று பழக்கப்பட்ட பொருளாகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே மோட்டாரை ஓடவிடுவதற்கும் நிறுத்துவதற்கும் மட்டுமின்றி, மூன்று பேஸும் வந்திருக்கின்றனவா, ஓல்டேஜ் போதுமா என்று தெரிந்துகொள்வதற்கும் அது பயன்படுகிறது. அந்தப் பெட்டி ஓர் அளவைச் சொல்கிறது என்றால், அதன் உள்ளே எங்கோ ஓரிடத்தில் மின்வாரியக் கம்பியின் மின்னழுத்தம் ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலரின் (பெட்டியை இயக்கும் கணினிச் சில்லின்) காலுக்கு வந்து சேர்கிறது. ஓசூரில் மின்வாகனங்களுக்கான சார்ஜரையும் மோட்டார் டிரைவையும் சோதிக்கிற மேசைகளிலும், பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளின் பேனல்களிலும், மாங்கூழ் ஆலைகளின் ஸ்டேபிலைசர்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. அந்தச் சிறிய பாதையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதில்தான் பெட்டியைத் தொடுகிற மனிதரின் உயிர் இருக்கிறது.

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்மின்னழுத்தத்துக்கு ஈடான மதிப்பு. அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 415 வோல்ட்டின் உச்சம் 587 வோல்ட். மைக்ரோகண்ட்ரோலரோ பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே அளக்கிறவருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன: மின்னழுத்தத்தைச் சிறிதாக்க வேண்டும், சிறிதாக்கியதைக் கம்பியிலிருந்து பிரிக்கவும் வேண்டும், அதாவது நேரடி மின்னிணைப்பு இல்லாமல் அளவை மட்டும் மறுபக்கம் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்கிற சில்லுதான் தனிமைப்படுத்தும் பெருக்கி. முதல் வேலைக்கு நான்கைந்து மின்தடையங்கள் போதும். அவற்றை வைத்து அளவு சரியாக வந்துவிட்டவுடன் வேலை முடிந்ததாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவது வேலை செய்யப்படாமல் இருப்பது திரையில் தெரிவதில்லை. அளவு அப்போதும் சரியாகவே இருக்கும்.

மின்தடையங்களை மட்டும் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்த சுற்றில் கட்டுப்பாட்டுப் பலகையின் பொதுமுனை (சுற்றின் சுழிய வோல்ட் முனை, கிரவுண்ட்) நேராக நியூட்ரலுடனோ, சில வேளைகளில் ஒரு பேஸுடனோ இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினாலும், கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலும், வயரிங் செய்தவர் கம்பியை மாற்றி இணைத்திருந்தாலும் பலகை முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். மொபைல் ஸ்டார்ட்டரில் ஆண்டெனாவின் உலோக உறை அந்தப் பொதுமுனையோடு இணைந்தது. அது பெட்டிக்கு வெளியே, கைபடும் இடத்தில் இருக்கிறது. சிம் கார்டை மாற்றப் பெட்டியைத் திறக்கிறவரின் விரல் தொடுவதும் அதே பொதுமுனையைத்தான். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கிற ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கூடுதலாக நடக்கிற ஆபத்து மேசையில் இருக்கிறது. பலகையில் புரோகிராம் ஏற்றுவதற்காக யுஎஸ்பி கேபிளைச் செருகும்போது மடிக்கணினியின் பொதுமுனையும் அதே கம்பியோடு இணைந்துவிடுகிறது. மடிக்கணினி எர்த் உள்ள சார்ஜரில் இருந்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து போர்ட் எரியும். அப்படியாவது தவறு வெளியே தெரிகிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் எரியாது, கணினியின் உலோகப் பகுதிகள் அமைதியாக 230 வோல்ட்டில் இருக்கும். அலைவடிவத்தைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வின் (ஆசிலோஸ்கோப்பின்) பொதுமுனைக் கிளிப்பைப் பேஸில் மாட்டினாலும் இதே கதைதான், ஏனெனில் அந்தக் கிளிப் கருவியின் உறை வழியாக எர்த்துடன் இணைந்தது. அதைத் தவிர்க்கப் பவர் கார்டின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் இன்னும் பட்டறைகளில் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாத காரியம் அது. எர்த் இல்லாத சி.ஆர்.ஓ.வின் உலோக உறை முழுவதும் கிளிப் தொட்ட மின்னழுத்தத்துக்கு ஏறிவிடுகிறது. மின்னழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை இடையில் வைத்தால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களும் உண்டு. வேரியாக் ஒரே சுருளைக் கொண்டது. அது அளவைக் குறைக்குமே தவிர எதையும் பிரிக்காது.

எல்லாச் சுற்றும் கட்டாயம் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு மின்னணு மீட்டர்கள் பலவற்றில் உள்ளே இருக்கிற மின்னணுப் பகுதி நேராகக் கம்பியில்தான் மிதக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி முழுவதும் மூடி முத்திரையிடப்பட்டது. வெளியே வருவது ஒளி மட்டுமே. பிரிக்கும் எல்லையை அங்கே பெட்டியின் பிளாஸ்டிக் உறையிலும் அந்த ஒளித் துளையிலும் வரைந்திருக்கிறார்கள். எல்லையை எங்கே வேண்டுமானாலும் வரையலாம். வரைந்த எல்லை பெட்டிக்குள் ஓரிடத்திலும் அறுபடாமல் சுற்றி வர வேண்டும் என்பதே நிபந்தனை. தனிமைப்படுத்தும் பெருக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான செய்தியாக நான் கருதுவதும் இதையே.

பழைய வழிகள்

சிறிய மின்மாற்றி நம்மிடம் நெடுங்காலமாகப் புழங்குகிற வழி. கடைகளில் கிடைக்கும் இசட்எம்பிடி101பி போன்ற சிறு மின்மாற்றி 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை அதே அளவில் மறுபக்கம் தருகிறது. விலை குறைவு, பிரிப்பும் உண்டு. ஓல்டேஜ் கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது போதும். ஆனால் மின்மாற்றி நேர்மின்னோட்டக் கூறைக் கடத்தாது. சிறிது கோண விலகலைச் சேர்க்கும். அலையின் மேல்நிலைக் கூறுகளை (50 ஹெர்ட்சின் மடங்குகளில் வரும் அதிர்வுகளை) உள்ளபடி காட்டாது. டிரைவின் வெளியீட்டிலோ சார்ஜரின் உள்ளீட்டிலோ அலைவடிவம் தேவைப்படும்போது அது கைவிட்டுவிடும்.

மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை உணர்கிற ஹால் விளைவைப் பயன்படுத்தும் எல்இஎம் நிறுவனத்தின் எல்வி 25-பி போன்ற உணரிகள் தரமானவை. தொழிற்சாலை டிரைவ்களில் நிறையப் பயன்பட்டவை. அவற்றுக்கு முதன்மைப் பக்கத்தில் 10 மில்லிஆம்பியர் தேவை. 230 வோல்ட்டில் அது 2.3 வாட் வெப்பம், அதுவும் ஒரு பேஸுக்கு மட்டும். மூடிய பெட்டியில் மூன்று பேஸுக்கு இந்தச் சூட்டைச் சுமப்பது பெரிய தொல்லை.

11 கிலோவோல்ட் ஃபீடரின் அளவீடு முற்றிலும் வேறு. அங்கே பொடென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அளவீட்டு மின்மாற்றி 110 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. அந்த 110 வோல்ட்டைத்தான் மின்னணு தொட வேண்டும். தனிமைப்படுத்தும் பெருக்கியின் பெட்டியில் ‘5000 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து உயரழுத்தக் கம்பிக்கு அதைக் கொண்டுபோக ஒருபோதும் எண்ணக் கூடாது. அந்த 5000 ஒரு நிமிடச் சோதனைக்கான எண். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து தாங்கும் மதிப்பு தரவுத்தாளில் வேறாகக் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது 1000 முதல் 1500 வோல்ட்டுக்குள் அடங்கும். தாழ்வழுத்த லைனாகிய 230, 415 வோல்ட்டே இந்தச் சில்லுகளின் களம்.

சில்லுக்குள் நடப்பது

தனிமைப்படுத்தும் பெருக்கி என்பது ஒரே உறைக்குள் இரண்டு தனித்தனிச் சில்லுகளை, இடையே மின்கடத்தாப் பொருளை வைத்து அடைத்தது. லைன் பக்கத்துச் சில்லு தன் உள்ளீட்டில் வரும் சிறு மின்னழுத்தத்தை டெல்டா-சிக்மா முறையில் ஒன்று, சுழியங்களின் வேகமான ஓட்டமாக மாற்றுகிறது. அந்த ஓட்டம் தடுப்பைத் தாண்டிக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டு மீண்டும் தொடர்ச்சியான மின்னழுத்தமாகிறது. தடுப்பைத் தாண்டும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்சி வரிசை சிலிக்கன் டை ஆக்சைடு அடுக்காலான நுண்ணிய மின்தேக்கிகளைப் பயன்படுத்துகிறது; பிராட்காமின் ஏசிபிஎல்-சி87 வரிசை ஒளியைப் பயன்படுத்துகிறது; அனலாக் டிவைசஸின் பழைய ஏடி210 போன்றவை மின்மாற்றியைப் பயன்படுத்தின. காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோவோல்ட் வரைதான் தாங்கும். சிலிக்கன் டை ஆக்சைடோ ஒரு மைக்ரோமீட்டருக்கே சில நூறு வோல்ட் தாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தடுப்பது இதனால்தான்.

எந்தச் சில்லைத் தேர்வது என்பது உள்ளீட்டு வரம்பைப் பொறுத்தது. ஏஎம்சி1301 போன்றவை கூட்டல் கழித்தல் 250 மில்லிவோல்ட் வரம்பு கொண்டவை. ஷண்ட் எனப்படும் மிகச் சிறிய மின்தடையத்தின் வழியாக மின்னோட்டத்தை அளக்க உருவானவை. ஏஎம்சி1311 சுழியத்திலிருந்து 2 வோல்ட் வரை ஏற்கும். டிரைவுக்குள் இருக்கும் நேர்மின்னோட்டப் பஸ்ஸுக்கு (பொது மின்வழங்கல் பாதைக்கு) ஏற்றது. மாறுமின்னோட்டத்துக்கு இருபுறமும் ஒரு வோல்ட் ஏற்கிற ஏஎம்சி1330 அல்லது இருபுறமும் 5 வோல்ட் ஏற்கிற ஏஎம்சி1350 வசதியானது, ஏனெனில் சுழியப் புள்ளியை நாமே உயர்த்திவைக்கும் கூடுதல் சுற்று தேவைப்படாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க ஏஎம்சி1330-ஐ எடுத்துக்கொள்வோம். இயல்பான உச்சம் 325 வோல்ட்தான் என்றாலும் முழு வரம்பை 600 வோல்ட்டுக்கு வைப்பது நல்லது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் குறைந்த சுமையுள்ள பேஸில் மின்னழுத்தம் 415-ஐ நோக்கி ஏறும். அதன் உச்சம் 587. பெட்டி சரியான எண்ணைச் சொல்ல வேண்டிய வேளையே அதுதான். அந்த நேரத்தில் அளவு வரம்பை முட்டி நின்றால் அளந்து பயனில்லை. மேலே 499 கிலோஓம் மின்தடையங்கள் ஆறு, கீழே 4.99 கிலோஓம் ஒன்று. விகிதம் 601. 325 வோல்ட் உச்சத்தில் சில்லின் உள்ளீட்டுக்கு 0.54 வோல்ட் வரும். அது இரண்டு மடங்காகி மறுபக்கம் 1.08 வோல்ட் வேறுபாடாக வெளிப்படும். பாயும் மின்னோட்டம் 108 மைக்ரோஆம்பியர், மொத்த வெப்பம் 18 மில்லிவாட்டுக்குள். ஹால் உணரியின் 2.3 வாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்று மெகாஓமை ஒரே மின்தடையமாகப் போடாமல் ஏன் ஆறாகப் பிரிக்க வேண்டும்? பலகையின் மேல் ஒட்டும் 1206 அளவுள்ள சாதாரண மின்தடையம் 200 வோல்ட் வரைக்கே உரியது. மூன்று போட்டால் 587 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 196 வோல்ட் சுமக்கும். கணக்கில் தப்பிக்கும், ஆனால் மிச்சம் எதுவும் இல்லை. ஆறு போட்டால் ஆளுக்கு 98 வோல்ட். இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்றில் ஒன்று பழுதாகி ஷார்ட் ஆனால் அளவு ஐம்பது விழுக்காடு கூடிவிடும். ஆறில் ஒன்று ஷார்ட் ஆனால் இருபது விழுக்காடு கூடும். இரண்டு நிலையிலும் சில்லு உயிரோடு இருக்கும். ஒரே மின்தடையம் ஷார்ட் ஆனால் லைன் முழுவதும் சில்லின் காலில் வந்து நிற்கும். கீழ்ப்பக்கத்து 4.99 கிலோஓம் அறுந்துபோனால்கூட மேலிருக்கும் ஆறும் மின்னோட்டத்தை 200 மைக்ரோஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால் சில்லின் உள்பாதுகாப்பு டையோடுகளே அதைச் சமாளித்துவிடும்.

எல்லை பலகையில் ஓடும் வழி

இதுவரை சொன்னது எளிய பகுதி. ஐந்தாயிரம் வோல்ட் தாங்கும் சில்லை வாங்கிவிட்டதால் பலகையும் ஐந்தாயிரம் வோல்ட் தாங்கும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் தோற்கின்றன. ஏரிக்கரை நெடுக உயரமாக இருந்து ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும்.

தாழ்ந்த இடம் பெரும்பாலும் மின்வழங்கல். சில்லின் லைன் பக்கத்துக்குத் தனியாக 3.3 அல்லது 5 வோல்ட் தேவை. அதைக் கட்டுப்பாட்டுப் பக்கத்திலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. அதற்காக நேர்மின்னோட்டத்தைப் பிரித்து மறுபக்கம் தரும் சிறிய டிசி-டிசி மாட்யூலை வைப்பார்கள். மலிவான பல மாட்யூல்களின் தரவுத்தாளில் ‘1000 வோல்ட், ஒரு நொடி’ என்றிருக்கும். அது செயல்பாட்டுப் பிரிப்பு மட்டுமே. மனிதரைக் காக்கும் பிரிப்பாக எந்தத் தரநிலையும் அதை ஏற்பதில்லை. வலுவூட்டிய பிரிப்புள்ள (தனியாகவே மனிதரைக் காக்கப் போதுமான தடுப்புள்ள) பெருக்கிக்கு அருகில் அதை வைத்தால் பலகையின் தரம் அந்த மாட்யூலின் தரம்தான். இதே காரணத்தால் டிசி-டிசி சுற்றையும் உள்ளடக்கிய ஏஎம்சி3330 போன்ற சில்லுகளை நான் பரிந்துரைப்பேன். விலை கூடும், ஆனால் பாதுகாக்க வேண்டிய தடுப்புகளில் ஒன்று குறைகிறது.

இன்னொரு தாழ்ந்த இடம் பலகையின் மேற்பரப்பு. லைன் பக்கத்துக்கும் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கும் இடையே பரப்பின் வழியாக உள்ள தூரத்துக்குத் தரநிலைகள் குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கின்றன. ஐஇசி 60664-1 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, சாதாரணப் பலகைப் பொருளில், ஓரளவு சுத்தமான சூழலில், 400 வோல்ட்டுக்கு அடிப்படைப் பிரிப்பு 4 மில்லிமீட்டர். வலுவூட்டிய பிரிப்புக்கு அதன் இரட்டிப்பு, 8 மில்லிமீட்டர். அகன்ற உறையுள்ள பெருக்கிகள் 8 மில்லிமீட்டரை ஒட்டி வடிவமைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒத்துவருகிறது. ஆனால் தூசும் ஈரமும் சேரும் சூழலுக்கு அதே அட்டவணை 6.3 மில்லிமீட்டர் என்கிறது, இரட்டித்தால் 12.6.

நம் பகுதிக்கு இந்த வேறுபாடு மிகவும் பொருந்தும். கிரானைட் பாலிஷ் செய்யுமிடத்தில் தண்ணீரோடு கலந்த கல்தூள் காற்றில் பறந்து பேனலுக்குள் படிகிறது. மாங்கூழ் ஆலைகளில் பருவகாலம் முழுவதும் நீராவி. கிணற்றடிக் கொட்டகையில் எறும்பு வரும், பல்லி வரும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி விழுந்து ஷார்ட் ஆன செய்தியைக் கேட்காத எலக்ட்ரீஷியன் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார். எட்டு மில்லிமீட்டர் இடைவெளியை ஒரு பல்லியின் உடல் எளிதில் நிரப்பிவிடும். ஆகவே இங்கே பயன்படப் போகிற பலகைக்குச் சில்லின் அடியில் பலகையை வெட்டிப் பள்ளம் விடுவது, மேற்பூச்சு பூசுவது, கேபிள் நுழையும் துளைகளைக் கிளாண்டு போட்டு அடைப்பது ஆகிய மூன்றும் தேவை. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் போனால் காற்று இடைவெளியையும் கூட்ட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஓசூர் 900 மீட்டர் உயரத்தை ஒட்டியே இருப்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை.

பலகையை வரைகிறவர் அந்த இடைவெளிக்குள் எதையும் கொண்டுவரக் கூடாது: தாமிரப் பாதை, நிறுவன முத்திரை, பலகையைப் பிடிக்கும் திருகு, எதையும். இடைவெளியின் நடுவே ஒரு திருகின் தலை வந்தால் எட்டு மில்லிமீட்டர் இரண்டு மூன்றாக உடைந்துவிடும். அளவீட்டு மின்தடையங்களின் வரிசையை அழகாக மடித்து, முதல் மின்தடையத்தைக் கடைசி மின்தடையத்துக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தும் வரைபடங்களையும் பார்க்க முடிகிறது. ஆறாகப் பிரித்ததன் பயன் அங்கேயே போய்விடுகிறது.

மின்னல், இரைச்சல், நியூட்ரல்

ஏப்ரல், மே மாதக் கோடை மழை இந்தப் பக்கம் இடியோடுதான் வரும். திறந்தவெளியில் நீண்ட தூரம் ஓடும் மேல்நிலைக் கம்பிகளில் மின்னலின் தாக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பாக வந்து சேர்கிறது. அளவீட்டுக் கருவிகளுக்கான ஐஇசி 61010 தரநிலை இதைக் கணக்கில் எடுத்து இடங்களை வகைப்படுத்துகிறது. 300 வோல்ட் வகுப்பில், வீட்டுப் பிளக்கில் அளக்கும் கேட் 2 கருவி 2500 வோல்ட் துடிப்பையும், நிலையான பேனலில் அளக்கும் கேட் 3 கருவி 4000 வோல்ட்டையும், மீட்டருக்கு முன்னால் அளக்கும் கேட் 4 கருவி 6000 வோல்ட்டையும் தாங்க வேண்டும். கிணற்று ஸ்டார்ட்டர் குறைந்தது கேட் 3. அதனால் மின்தடைய வரிசைக்கு முன்னால் ஃபியூஸும் அதன் பின் எம்ஓவியும் (மின்னழுத்தம் எகிறும்போது கடத்தித் துடிப்பை அடக்கும் உறுப்பு) அவசியம். இங்கே 275 வோல்ட் தர எம்ஓவியைப் போடுவது வழக்கம்; நியூட்ரல் அறுந்து 415 வோல்ட் நிலைத்து நிற்கும்போது அது சூடேறித் தீப்பற்றக் கூடும். 420 வோல்ட் தரம் பொருத்தமானது. துடிப்பை அது 1100 வோல்ட்டை ஒட்டி நிறுத்தினாலும் ஆறு மின்தடையங்களும் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றின் மேலும் 200 வோல்ட்டுக்குக் குறைவாகவே விழும்.

டிரைவ் ஓடும் இடங்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நவீன சிலிக்கன் கார்பைடு ஸ்விட்சுகள் ஒரு மைக்ரோநொடியில் பல பத்துக் கிலோவோல்ட் வேகத்தில் மின்னழுத்தத்தை மாற்றக் கூடியவை. தடுப்பின் குறுக்கே இருக்கும் சிறு மின்தேக்கத்தின் வழியாக அந்த வேகம் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. தடுப்பின் மின்தேக்கம் ஒரு பிக்கோஃபாரட், வேகம் மைக்ரோநொடிக்கு 50 கிலோவோல்ட் என்றால் 50 மில்லிஆம்பியர் பாயும். நல்ல சில்லு அதைப் பொறுத்துக்கொள்ளும். அருகிலுள்ள டிசி-டிசி மாட்யூலின் மின்தேக்கம் 20 பிக்கோஃபாரட் என்றால் ஒரு முழு ஆம்பியர் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் பாயும்; அளவு குதிக்கும், மைக்ரோகண்ட்ரோலர் காரணமின்றி ரீசெட் ஆகும். இத்தகைய கோளாறு வரும்போது சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி மின்வழங்கலில் உட்கார்ந்திருக்கும்.

மூன்று பேஸ் மோட்டாரை அளக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விட்டால், மோட்டாரே ஜெனரேட்டர் போல அந்த முனையில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். பெட்டி அளந்தால் மூன்று பேஸும் இருப்பதுபோலவே தோன்றும், சுருள் எரிந்துகொண்டிருக்கும். மின்னழுத்தத்தின் அளவை மட்டும் பார்த்து மோட்டாரை நிறுத்தும் தடுப்பான்கள் இந்த இடத்தில் ஏமாறுகின்றன. மின்னோட்டத்தையும் சேர்த்து அளப்பதே நம்பகமான வழி. கண்டென்சர் வைத்து இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருப்பதால், மூன்றாவது முனையில் வரும் செயற்கையான மின்னழுத்தத்தையும் நிரல் எழுதுகிறவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மின்னோட்டத்தையும் அளந்து சக்தியைக் கணக்கிடும்போது கோணம் முக்கியமாகிறது. இரைச்சலைக் குறைக்க 4.99 கிலோஓமுக்கு இணையாக 10 நானோஃபாரட் மின்தேக்கியைப் போட்டால் வடிகட்டியின் எல்லை 3.2 கிலோஹெர்ட்சில் அமையும். 50 ஹெர்ட்சுக்கு அது வெகுதூரம் என்று தோன்றினாலும் 0.9 பாகை பின்னடைவு வந்துவிடும். பவர் ஃபேக்டர் 0.8 உள்ள மோட்டாரில் இது சக்தி அளவில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பிழையை உண்டாக்கும். மின்தேக்கியை ஒரு நானோஃபாரடாகக் குறைத்தால் பிழையும் பத்தில் ஒன்றாகும். இல்லையெனில் மின்னோட்டப் பாதையிலும் அதே பின்னடைவைத் தரும் வடிகட்டியை வைக்க வேண்டும். ஆர்எம்எஸ் கணக்கை எப்போதும் முழுச் சுற்றுகளில் போட வேண்டும். 50 ஹெர்ட்சில் பத்துச் சுற்றுகள், அதாவது 200 மில்லிநொடி, தரநிலை பரிந்துரைக்கும் அளவு.

பலகை கைக்கு வந்த பின்

லைன் பக்கத்து மின்வழங்கல் நின்றுபோனால் ஏஎம்சி1330 போன்ற சில்லுகளின் வெளியீடு, இயல்பான அளவீட்டில் வராத ஓர் எதிர்மறை நிலைக்குப் போய் நிற்கும். நிரலில் அதைக் கவனிக்கும் வரியை எழுதாவிட்டால் பழுதான சுற்று காட்டும் எண்ணையும் பெட்டி உண்மையாக எடுத்துக்கொள்ளும். ‘லைனில் மின்சாரம் இல்லை’ என்று தவறாகச் சொல்லும் பெட்டியை நம்பி ஒருவர் கம்பியில் கை வைக்கலாம். ஆகவே அளவு சுழியமாக இருப்பதையும் அளவீடே இல்லாதிருப்பதையும் நிரல் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். எந்தப் பெட்டி என்ன சொன்னாலும், மெயினை இறக்கி, கேட் 3 தரமுள்ள மல்டிமீட்டரால் மூன்று பேஸையும் பார்த்த பிறகே தொட வேண்டும் என்ற விதி மாறாது.

சில்லு எரிந்தாலும் தடுப்பு நிற்குமா என்பது அடுத்த கேள்வி. தரவுத்தாளில் ‘பாதுகாப்பு வரம்பு மதிப்புகள்’ என்ற தலைப்பின் கீழ், எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு சக்திக்கு மேல் போனால் தடுப்பே சேதமாகலாம் என்று குறித்திருப்பார்கள். அளவீட்டுப் பக்கத்தில் மூன்று மெகாஓம் காவல் இருப்பதால் அங்கிருந்து ஆபத்து இல்லை. ஆனால் இரண்டு பக்கத்து மின்வழங்கலும் பழுதான சில்லுக்குள் எவ்வளவு சக்தியைக் கொட்ட முடியும் என்பதை அந்த எண்ணோடு ஒப்பிட்டு, தேவையானால் மின்வழங்கலுக்கு ஒரு சிறு மின்தடையமோ ஃபியூஸோ வைக்க வேண்டும். பலரும் படிக்காமல் கடந்துபோகும் அட்டவணை இது.

சோதனைக்கு நம் எலக்ட்ரீஷியன்கள் கையிலெடுப்பது காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர். கசிவு இருக்கிறதா என்று அறிய அது நல்ல கருவி. தடுப்பு 3000 வோல்ட்டைத் தாங்குமா என்பதற்கு அது பதில் சொல்லாது. அதற்கு உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஹைபாட் கருவி வேண்டும். லைன் பக்கத்து முனைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டுப்பாட்டுப் பக்கத்து முனைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு கூட்டத்துக்கும் இடையேதான் சோதனை மின்னழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே பலகையை முழு மின்னழுத்தத்தில் மீண்டும் மீண்டும் சோதிப்பது தடுப்பின் ஆயுளைக் குறைக்கும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே எம்ஓவி இருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது கடத்தத் தொடங்கி, நல்ல பலகையையும் கெட்டதாகக் காட்டும்.

சோதனையில் தேறிய பலகைக்கும் முதல் மின்சாரம் நேராக லைனிலிருந்து வரக் கூடாது. மேசையில் 30 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கொடுத்து, விகிதம் 601 என்பது எண்ணில் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, பின்னர் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாக 230 வரை ஏற்றலாம். அந்த நிலையிலும் சி.ஆர்.ஓ.வின் கிளிப் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மட்டுமே மாட்டப்பட வேண்டும். லைன் பக்கத்தையும் அதே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு இரண்டாவது கிளிப்பை அங்கே மாட்டினால் இரண்டு பொதுமுனைகளும் கருவிக்குள் சேர்ந்துவிடும். பலகையில் கவனமாக வரைந்த எல்லை முழுவதும் ஒரு கிளிப்பால் அழிந்துபோகும். லைன் பக்கத்தைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் அதற்கென உள்ள உயரழுத்த டிஃபரென்ஷியல் புரோபை (எர்த்தோடு இணையாமல் இரண்டு முனைகளுக்கிடையே அளக்கும் துணைக்கருவியை) வாங்கியோ கடனாகப் பெற்றோதான் பார்க்க வேண்டும்.